குறிப்பறிதலும் ஆட்டிசமும்

திருக்குறளின் 133 அதிகாரங்களில் ஒரே தலைப்பு இரண்டு முறை வருவது 'குறிப்பறிதல்' ஒன்றுதான். பொருட்பாலில் 71-ஆம் அதிகாரமாக ஒரு முறை, காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரமாக மறுமுறை. அரசவையானாலும் சரி, காதலானாலும் சரி, வாய்விட்டுச் சொல்லாததை முகம் பார்த்து அறியும் திறன் மனிதனுக்கு எவ்வளவு வேண்டியது என்பதை வள்ளுவர் இப்படிக் காட்டியிருக்கிறார். முகக்குறிப்பை உணர முடியாவிட்டால் உறுப்புகளுள் கண்ணால் என்ன பயன் என்று கேட்கும் குறளும் முதல் அதிகாரத்தில் இருக்கிறது.

சித்தூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தெலுங்குப் பள்ளியில் படித்த எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலையில் திண்ணையில் உட்கார்ந்து குறள் சொல்லிக்கொடுப்பார். அந்தக் குறளுக்கு அவர் பொருள் சொன்ன அன்று எனக்கு வயது 13. இரவெல்லாம் தூக்கமில்லை. 'அப்படியானால் என் கண் பயனில்லாத கண்' என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு தவறு என்று தெரிய எனக்கு இன்னும் 41 ஆண்டுகள் ஆயின. 2018-ல், 54-ஆம் வயதில், எனக்கு ஆட்டிசம் இருப்பதாக வேலூரில் ஒரு மனநல மருத்துவர் உறுதி செய்தார். தமிழகத்திற்கு வெளியே பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ரேடியோ பையன்

நான் பேசத் தாமதிக்கவில்லை. சீக்கிரமே பேசினேன்; ஆனால் வானொலிச் செய்தி வாசிப்பவர் போலப் பேசினேன். "அம்மா, எனக்குப் பசிக்கின்றது" என்பேன். தெருப்பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் 'ரேடியோ'. உறவினர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்: "ஆந்திராவுல வளர்ற புள்ள, தமிழ் புஸ்தகத்துலதானே கத்துக்குது, அப்படித்தான் பேசும்." பள்ளியில் விளையாட்டில் சேராமல் தனியே நின்றால், "அரவப் பையன், தெலுங்கு சரியா வராது" என்றார்கள். எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். வராதது வேறு.

வீட்டுக்கு வந்த மாமா, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிப் புறப்பட்டால், அவர் திரும்பி வருவார் என்று இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா "வெள்ளொஸ்தா" என்று சொல்லிப் போனாலும் அதே கதைதான். இரண்டு மொழியும் சேர்ந்து என்னை ஏமாற்றுவதாகவே நினைத்தேன். விருந்தாளி "காப்பி வேணாம்" என்றால் கொடுக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எண்ணினேன். மூன்று தரம் கேட்க வேண்டும் என்பது மற்ற பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

சத்தம் இன்னொரு தொல்லை. கங்கம்மா ஜாத்திரை வந்தால் எங்கள் ஊர் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான் கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பேன். பறையொலி எனக்குக் காதில் மட்டும் கேட்காது, பல்லிலும் வயிற்றிலும் கேட்கும். "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்தார்கள். பயம் அல்ல, வலி.

எனக்குச் சுகமாக இருந்தது ரயில் கால அட்டவணை. அப்போது காட்பாடி–திருப்பதி பாதை மீட்டர் கேஜ். சித்தூர், பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி என்று நிலையங்களையும், வண்டி வரும் நேரம் புறப்படும் நேரங்களையும் மனப்பாடமாகச் சொல்வேன். மனிதர்கள் சொன்ன சொல்லை மாற்றுவார்கள், அட்டவணை மாற்றாது. (வண்டி தாமதமாக வந்தால் அழுவேன் என்பது வேறு விஷயம்.)

திருப்பதியில் கல்லூரிப் படிப்பு. விடுதியில் முதல் வருஷமே நிலைகுலைந்து போனேன். ஒரு மருத்துவர் 'நரம்புத் தளர்ச்சி' என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூங்கினேன்; வேறொன்றும் மாறவில்லை. பிறகு வங்கி வேலை, கணக்குப் பிரிவு. எண்களோடு எனக்குச் சண்டை வந்ததே இல்லை.

ஆட்டிசம் என்பது என்ன?

'ஆட்டோஸ்' என்றால் கிரேக்க மொழியில் 'தான்'. அதிலிருந்து பிறந்த சொல் இது. தமிழில் 'மதியிறுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். மதி ஒன்றும் இறுகிவிடுவதில்லை என்பதால் நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். இது தொற்றும் நோயல்ல, பைத்தியமும் அல்ல. மூளை பிறவியிலேயே வேறு விதமாக வளர்வதால் வருவது. பிறரோடு பழகுவதிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் வேறுபாடு, ஒரே செயலிலும் ஒழுங்கிலும் ஆழ்ந்த பிடிப்பு, ஒலி, ஒளி, தொடுதல் முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

மாஸ்கோவில் கிரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1920-களிலேயே இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். உலகம் கவனிக்கவில்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதே பரவலாக அறியப்பட்டது. 1944-ல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசும், ஆனால் பெரியவர்கள் தோரணையில் பேசும் சிறுவர்களை விவரித்தார். அதைப் படித்தபோது 'ரேடியோ' என்று என் தலையில் மணியடித்தது. அவர் ஜெர்மன் மொழியில் எழுதியதை ஆங்கில உலகுக்குப் பரவலாக எடுத்துச் சொன்னவர் லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங், ஆண்டு 1981. அவரே ஆட்டிசம் உள்ள மகளைப் பெற்ற தாய். ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்தது அல்ல, வானவில் போல் பல நிறம் கொண்டது என்ற எண்ணம் நிலைபெற்றது அவரால்தான். 2013-ல் அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு எல்லா வகையையும் ஒரே தலைப்பில் சேர்த்தது. நாஜிக் காலத்தில் ஆஸ்பெர்கர் நடந்துகொண்ட விதம் பற்றிய சான்றுகள் 2018-ல் வெளிவந்த பின் அவர் பெயரை இதற்கு வைக்கப் பலர் விரும்புவதில்லை.

அந்தக் கையேட்டில் ஆட்டிசம் முதன்முதலாகத் தனியாக இடம்பெற்ற ஆண்டு 1980. நான் பத்தாம் வகுப்பு முடித்ததும் அதே ஆண்டுதான். ஆகவே என் ஆசிரியர்களையோ பெற்றோரையோ குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் அந்தச் சொல்லே இல்லை.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாசமில்லாத தாயால் ஆட்டிசம் வருகிறது என்று 1960-களில் அமெரிக்காவில் பெரிய படிப்பாளிகளே எழுதினார்கள். அது பொய் என்று என்றோ தள்ளப்பட்டுவிட்டது. மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. தடுப்பூசியோடு இதைத் தொடர்புபடுத்தி 1998-ல் வெளிவந்த கட்டுரையை, வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. "நீ சரியா பேச்சுக் குடுக்கல" என்று என் அம்மாவைச் சொல்லாத உறவினர் இல்லை. அம்மா அதை நம்பியே போய்ச் சேர்ந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு அவர் இல்லை.

அக்கா சொன்ன சாட்சி

2017-ல் பெங்களூரில் இருக்கும் என் அக்கா பேரனுக்கு, மூன்று வயதில், ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். மருத்துவமனையில் கொடுத்த தாளை மகள் படித்துக் காட்டக் கேட்ட அக்கா, அன்றிரவே எனக்குப் போன் செய்தாள். "தம்பி, இது குழந்தைய பத்தி எழுதல. உன்ன பத்தித்தான் எழுதியிருக்காங்க."

பெரியவர்களுக்கு இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மருத்துவர் நேரில் பேசிப் பார்ப்பார், வினாத்தாள் கொடுப்பார், சிறுவயது நடத்தையை அறிந்த ஒருவரை விசாரிப்பார். பெற்றோர் இருவரும் இல்லாததால் எனக்கு அக்கா வந்தாள். நான் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள்: "தினம் ராத்திரி, நாளைக்கு யார் வருவாங்க, என்ன நடக்கும்னு இவனுக்கு ஒவ்வொண்ணா சொல்லிட்டுத்தான் படுப்பேன் டாக்டர். சொல்லலேன்னா மறுநாள் இவனுக்கு ஜுரம் வந்துடும்."

அவள் கல்யாணமாகிப் போன வருஷம்தான் நான் கல்லூரி விடுதியில் நிலைகுலைந்த வருஷம். அந்த இரண்டையும் நான் அதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை. எனக்குப் பதிலாகக் குறிப்பறிந்து சொல்ல ஒருத்தி வீட்டில் இருந்திருக்கிறாள். அவள் போனதும் எனக்கு உலகம் புரியாமல் போயிற்று.

1996-ல் அப்பா இறந்தபோது நான் அழவில்லை. எந்த உறவினர் எந்த ரயிலில் வருவார், யாரை யார் போய் அழைத்துவருவது என்று காகிதத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். "கல்லுடா நீ" என்றார் ஒரு பெரியம்மா. இருபது நாள் கழித்து அப்பாவின் சட்டை கொடியில் தொங்குவதைப் பார்த்தேன். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்குத் துக்கம் இப்படித் தாமதமாக, வேறு வாசல் வழியாக வரும். மருத்துவர் இதை விளக்கியபோது பக்கத்தில் இருந்த என் மனைவி அழுதார். "இருபத்தாறு வருஷமா இவருக்கு என் மேல பிரியமே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். என் பிரியத்தை நான் மாதச் செலவுக் கணக்கில், தவறாமல் வாங்கிவரும் அவர் மருந்தில் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதை என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். வேண்டியதை வாய்விட்டுச் சொல்வது. கேட்டதற்குக் கோபிக்காமல் இருப்பது. அறுபதை எட்டிய பிறகு குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக் காலம் கடந்து அறிந்தவர்கள் பலர். ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில், பிறப்பின்போது மூளையில் பாதிப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகே தனக்கு ஆட்டிசம் என்று அறிந்து, 2013-ல் வெளியே சொன்னார். அது தமக்கு ஆறுதல் என்றார். பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகும். பேசாத பையனைக் கவலையோடு பார்க்கும் நாம், பேசாத பெண்ணை 'அடக்கமான பொண்ணு' என்று மெச்சிவிடுகிறோம் அல்லவா?

வெளிமாநிலக் குடும்பங்கள் கவனிக்க

முதலாவது, மொழியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். 'ரெண்டு பாஷை குழப்பம், சரியாயிடும்' என்ற சமாதானம்தான் எனக்கு நேர்ந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, விரல் நீட்டிக் காட்டாமை, சொன்னதையே திரும்பச் சொல்லுதல் இவை இரண்டு மொழி கேட்பதால் வருபவை அல்ல. குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, கண்டறிந்தபின் தமிழை விட்டுவிடாதீர்கள். அக்கா பேரனுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். ஒரு பயிற்சியாளர் "ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார். ஆங்கிலம் அறியாத அக்கா பேரனோடு எட்டு மாதம் வாய்மூடி இருந்தாள். கனடாவின் மொன்றியலில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வும், பிறகு வந்த பல ஆய்வுகளும், இருமொழிச் சூழலால் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பின்தங்குவதில்லை என்றே காட்டுகின்றன. இப்போது அவன் அக்காவைத் தமிழில்தான் கூப்பிடுகிறான்.

மூன்றாவது, சட்டம் துணை நிற்கிறது. 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றது. சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது. அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். சென்னை முட்டுக்காட்டிலும் செகந்திராபாத்திலும் மத்திய அரசு நிறுவனங்கள் உள்ளன. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது.

ஒரு வார்த்தை எச்சரிக்கையாக. கூச்ச சுபாவம் உள்ள எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்கள் அல்லர். நானோ வேலை பார்த்து, குடும்பம் நடத்தியவன். பேச்சே வராமல், வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டியவர்களும் இதே பெயருக்குள் இருக்கிறார்கள். அவர்கள் பெற்றோர் படும் பாட்டை நான் பேச முடியாது. அவர்களை நம் விழாக்களுக்கு அழைத்து, சத்தமில்லாத ஒரு அறையை ஒதுக்கித் தரலாம்.

2012-ல் டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவரே. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்கிறோம். பிறருக்கும் அவர்கள் மனம் புரிவதில்லையே, குறை ஒரு பக்கம் மட்டுமா என்று கேட்டார். அப்பா இறந்த வீட்டில் எத்தனையோ கண்கள் என்னைப் பார்த்தன. பட்டியல் எழுதும் கையில் இருந்த துக்கத்தை எந்தக் கண்ணும் படிக்கவில்லை. திண்ணை ஆசிரியர் இன்று இருந்தால் இதைத்தான் அவரிடம் சொல்வேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு 'ரேடியோ' இருக்கலாம். நாளைக்கு யார் வருவார்கள், என்ன நடக்கும் என்று இன்று இரவே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் படுங்கள்.