விளக்கு அணைவது பழுதல்ல, பாதுகாப்பு

காஞ்சிபுரம்–வாலாஜாபாத் சாலையில் உள்ள ஐயம்பேட்டை, பட்டுத் தறிகளுக்குப் பேர் பெற்ற ஊர். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகினாலும் கண்ணில் படும். அதனால் கரன்ட் போனால் தறிக்கு மாற்று வெளிச்சம் வேண்டும். சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி, டிசி எல்இடி விளக்கு என்று வைத்துக்கொண்டால் அந்தத் தேவை தீரும். ஆனால் மழைக்காலத்தில் விளக்கு திடீரென்று தானாக அணையும். பேட்டரியில் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே ஏன்?

அணைத்தது, பேனலுக்கும் பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர். முழுதாகச் சார்ஜ் ஆன லெட்-ஆசிட் பேட்டரி, ஓய்வில் சுமார் 12.7 வோல்ட் காட்டும். விளக்கு எரிய எரிய அது இறங்கி 11 வோல்ட்டை நெருங்கும்போதே கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டிக்கும். அதற்கும் கீழே வடியவிட்டு அப்படியே போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பழைய கொள்ளளவு திரும்பாது.

துண்டித்ததும் பேட்டரியின் வோல்ட் தானாகச் சற்று ஏறும். உடனே இணைத்தால் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும். அதனால்தான் ஏறக்குறைய 12.6 வோல்ட் வரும்வரை கன்ட்ரோலர் காத்திருக்கிறது.

மேல்பக்கமும் ஓர் எல்லை உண்டு. சுமார் 14.4 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் ஏறிக்கொண்டே போனால் பேட்டரித் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வற்றும். வெயில் காலத்தில் இந்த எல்லையை இன்னும் குறைக்க வேண்டும். வெப்பமானி உள்ள கன்ட்ரோலர் அதைத் தானே செய்யும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு.

விளக்குக்கும் காவல் கன்ட்ரோலர்தான். 12 வோல்ட் பேனல் என்று விற்பது, சுமை இல்லாதபோது 20 வோல்ட்டுக்கு மேல் தரும். பேட்டரி வயர் கழன்றால் அந்த வோல்ட் விளக்கைத் தாக்கக்கூடும். ஆகவே முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனலை முதலில் கழற்ற வேண்டும்.

செல்போன் டவர்களிலும் இதே ஏற்பாடு 48 வோல்ட்டில் இயங்குகிறது. மின்தடை நீண்டால் முக்கியமில்லாத கருவிகள் முதலில் நிறுத்தப்படும். மற்ற டவர்களை இணைக்கும் கருவி கடைசிவரை ஓடும். அதன்பின் பேட்டரியே துண்டிக்கப்படும். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வீடுகளுக்கு உருவாக்கிய சோலார்-டிசி முறையும் 48 வோல்ட்தான். மின் பற்றாக்குறையின்போது வீட்டை முழுதாக இருட்டாக்காமல் விளக்கு, விசிறிக்கு மட்டுமாவது மின்சாரம் தருவது அவர்களின் இன்னொரு திட்டம். எதை முதலில் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவெடுப்பதுதான் டவரிலும் இந்தத் திட்டத்திலும் உள்ள சூத்திரம்.

தறி விளக்கு சீக்கிரம் அணைகிறது என்று வயரை நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள். தினமும் அப்படி அணைந்தால் பேட்டரி பழசாகியிருக்கலாம், பேனல் போதாமல் இருக்கலாம், அல்லது சுமை கூடியிருக்கலாம், அதைச் சரிபாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு மாறினால் கன்ட்ரோலரின் செட்டிங்கையும் மாற்றுங்கள். பேட்டரி காற்றோட்டமான நிழலில் இருக்கட்டும்.