குருதி கூறும் சாட்சி
பித்தப்பைச் சத்திரசிகிச்சையின் பின் உடலில் நிகழ்வன

வாய் மறைக்கலாம்; முகமும் மறைக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலிற் கிடக்கும் நோயாளி, பார்க்க வந்த பிள்ளைகள் அஞ்சுவரே என்றெண்ணி, "எனக்கு ஒன்றுமில்லை, சுகமாயிருக்கின்றேன்" என்று கூறுதல் உண்டு. ஆனால் அவருடைய குருதி அங்ஙனம் மறைக்க அறியாது. உடல் எவ்வளவு ஊறுபட்டது, அவ்வூறு ஆறுகின்றதா, அன்றி உள்ளே புதிய தீங்கு மூள்கின்றதா என்பனவற்றைப் பெரும்பாலும் அது வெளிப்படுத்திவிடும். குருதியின் அந்த மொழியை மருத்துவ அறிவியல் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதைப் பித்தப்பைச் சத்திரசிகிச்சையை உதாரணமாகக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

பித்தப்பையும் கல்லும்

நமது ஈரல் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை இலீற்றர் முதல் ஒரு இலீற்றர் வரையிற் பித்தநீரைச் சுரக்கின்றது. அதிற் சிறிதளவைச் சேமித்துச் செறிவாக்கி, கொழுப்புணவு குடலை அடையும்போது வெளியிடும் சிறு பையே பித்தப்பை. பித்தநீரிலுள்ள கொலஸ்திரோல் முதலியன கரைந்து நில்லாது படியும்போது கற்கள் தோன்றுகின்றன. பலரிடத்தில் இக்கற்கள் வாழ்நாள் முழுவதும் வாளாவிருக்கும். சிலரிடத்திலோ பையின் வாயிலை அடைத்து, தாங்கொணா வலியையும் அழற்சியையும் விளைக்கும்.

இப்பையை முழுவதும் அகற்றிவிடினும் மனிதன் வாழலாம் என்பதை 1882ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி பேர்லின் நகரிலே கார்ல் லாங்கன்புக் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் செய்து காட்டினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வயிற்றை அகலத் திறந்து செய்யும் அவ்வழியே வழக்கிலிருந்தது. 1985இல் ஜேர்மனியின் பொப்லிங்கன் நகரில் எரிக் மூகே என்பவர், சிறு துவாரங்களின் வழியே குழாய்க்கருவிகளைச் செலுத்திப் பித்தப்பையை அகற்றினார். அடுத்த ஆண்டு அவர் அதனைத் தம் நாட்டு நிபுணர் அவையில் எடுத்துரைத்தபோது ஐயமே வரவேற்பாயிற்று. எனினும் சில ஆண்டுகளுள் உலகெங்கும் அம்முறையே பெருவழக்காயிற்று.

இங்கே ஒரு வினா எழுகின்றது. காயம் சிறிதாயின் உடல் படும் துன்பமும் சிறிதாகுமா? தோலிலுள்ள தழும்பை அளந்து இதற்கு விடை கூறல் இயலாது. அளவுகோல் குருதியிலேயே உண்டு.

அழற்சியின் தூதரும் ஈரலின் மறுமொழியும்

1930ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள ரொக்பெல்லர் நிறுவகத்தில் வில்லியம் ரில்லெற், தோமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நியூமோனியா நோயாளரின் குருதியிலே புதுமையான ஒரு பொருளைக் கண்டனர். அந்நோய்க் கிருமியின் 'சீ' எனப் பெயரிய பல்சக்கரைட்டுடன் அது தாக்கமுற்றது. ஆதலின் 'சீ-எதிர்வினைப் புரதம்' எனப் பெயர் பெற்றது. வைத்தியசாலைகளில் இதனைச் 'சீ.ஆர்.பி.' என்று சுருக்கிக் கூறுவர்.

இப்புரதத்தைப் படைப்பது ஈரல். உடலில் எங்கேனும் இழையங்கள் சிதைவுற்றால், அவ்விடத்துக் கலங்கள் 'இன்ரலூக்கின்-6' போன்ற தூதுப் பொருள்களைக் குருதியில் விடுக்கின்றன. தூது கிடைத்ததும் ஈரல் சீ.ஆர்.பி.யை மிகுதியாக ஆக்கத் தொடங்கும். நலமுடையோர் பெரும்பாலாரிடத்தில் இஃது இலீற்றருக்குப் பத்து மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கும். ஊறு நேர்ந்து ஆறு மணித்தியாலங்களளவில் ஏறத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு நாள்களில் உச்சத்தை அடையும். ஊறு ஓய்ந்தபின் ஏறக்குறைய 19 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எனவே, மூன்றாம் நாள் அளவு இறங்கினால் உடல் ஆறுகின்றது என்று கொள்ளலாம். இறங்காது நின்றாலோ, இறங்கியது மீண்டும் ஏறினாலோ, பித்தநீர்க் கசிவு, கிருமித்தொற்று போன்ற தீங்குகளை வைத்தியர் தேடுவர். "நேற்றுந்தானே இரத்தம் எடுத்தார்கள், இன்றும் எதற்கு?" என்று முணுமுணுக்கும் உறவினர் இதனை உணர்தல் வேண்டும். ஒரு நாளைய எண்ணைவிட, நாளுக்கு நாள் அது செல்லும் திசையே பெரிது.

1990களில் இருவகைச் சத்திரசிகிச்சைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தோர், துவாரமுறையில் இன்ரலூக்கின்-6, சீ.ஆர்.பி. ஆகியன குறைவாகவே உயர்வதைக் கண்டனர். ஆயின் அதிரீனற் சுரப்பியிலிருந்து வரும் கோட்டிசோல் முதலிய ஓமோன்களில் அத்தகைய பெரும் வேறுபாடு எப்போதும் காணப்படவில்லை. சிறு காயம் துன்பத்தைக் குறைக்கின்றது. ஆனால் அறவே நீக்கவில்லை என்பதே இதன் பொருள்.

ஒட்சியேற்றத் தகைப்பு

நாம் உயிர்வாழ இன்றியமையாத ஒட்சிசனே சில வேளைகளிற் பகையாகவும் மாறும். கிருமிகளை அழிக்கும்பொருட்டு வெண்குருதிக்கலங்கள் ஒட்சிசனிலிருந்து சுப்பரொட்சைட்டு போன்ற தாக்குதிறன் மிக்க மூலிகங்களை உண்டாக்குகின்றன. இவை அளவு மீறினால் நம் கலங்களின் கொழுப்புப் படலங்களையே சிதைத்துவிடும். இவற்றை அடக்கும் நொதியமொன்றை 1969இல் மக்கோட், பிரிடோவிச் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தனர். தாக்கும் படையும் காக்கும் படையும் சமநிலை இழந்த நிலையையே ஒட்சியேற்றத் தகைப்பு என்பர்.

பழைய எண்ணெய் பாண்டலடைந்து நாறுவதை இல்லத்தரசியர் அறிவர். அதற்கு ஒப்பான மாற்றமே கலப் படலங்களிலும் நிகழ்கின்றது. அதன் எச்சமாகத் தோன்றும் மலொண்டையல்டிகைட்டு என்னும் பொருளைக் குருதியில் அளந்து, சிதைவின் அளவை ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர்.

துவாரமுறையில் இதற்கென ஒரு தனிக் காரணமும் உண்டு. கருவிகள் இயங்க இடம் வேண்டி, வயிற்றறையைக் காபனீரொட்சைட்டு வாயுவால் ஊதிப் பெருக்குவர். அதன் அமுக்கம் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். இவ்வமுக்கத்தினால் ஈரலுக்கும் குடலுக்கும் செல்லும் குருதியோட்டம் சற்றுக் குறைகின்றது. வாயுவை வெளியேற்றியதும் குருதி திடீரெனப் பாய, அவ்வேளையிலே மூலிகங்கள் பெருகுகின்றன. வறண்ட வாய்க்காலில் மடை திறந்தாற்போலும் நிகழ்ச்சி இது. ஆதலாற்றான், இயன்ற அளவு குறைந்த அமுக்கத்திலே சத்திரசிகிச்சை செய்யும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.

குருதியின் சாட்சிக்கும் எல்லை உண்டு

புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்தல் தருக்க நூலாருக்கு வழக்கம். ஆனால் தொலைவிலெழும் புகை, எரிவது எந்த வீடு என்று கூறாது. சீ.ஆர்.பி.யும் அத்தகையதே. நெஞ்சிற் சளி கட்டினும் அது உயரும். வயிற்றிற் சீழ் கட்டினும் உயரும். நோயாளியைத் தொட்டுப் பார்த்து, வினவி, பிற சோதனைகளோடு பொருத்தியே வைத்தியர் முடிபு செய்வர். ஒட்சியேற்ற அளவைகளோ இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்குரியன. அன்றாட மருத்துவத்தில் இடம்பெறவில்லை. ஆகவே, மூலிகங்களை அடக்குமென விளம்பரப்படுத்தப்படும் மாத்திரைகளைத் தாமே வாங்கி நோயாளிக்குக் கொடுத்தல் அறிவுடைமையன்று.

முன்னாளில், வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றவர் பல நாள் வைத்தியசாலையிற் கிடப்பர். தாதியர் கண் அவர்மேல் இருக்கும். இந்நாளில் துவாரமுறையாற் சிகிச்சை பெற்றவர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றார். உச்சத்தை அடைந்து இறங்கவேண்டிய அழற்சி, அவர் வீட்டிலிருக்கும் காலத்திலேயே இறங்கவேண்டியிருக்கின்றது. தாதியர் செய்த காவல் இப்போது குடும்பத்தாரின் கடமையாயிற்று. நாளுக்கு நாள் குறையவேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல் கண்டாலோ, கண் மஞ்சளித்தாலோ, வயிறு ஊதி வாந்தி தொடர்ந்தாலோ, "சிறு காயந்தானே" என்று ஆறியிருத்தல் கூடாது. உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே எடுக்கப்படும் சில துளிக் குருதி, நோயாளி சொல்லத் தயங்குவதையும் சொல்லிவிடக்கூடும்.