ஹேங் ஆனால் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள்

“மாமா, மறுபடியும் ஹேங் ஆயிருச்சு.” அக்கா மகள் போனில் இதைச் சொல்லும்போதே அவள் விரல் பவர் பட்டனுக்குப் போயிருக்கும். அதைத் தொடாதே, கேப்ஸ் லாக்கை அமுக்கு என்றேன்.

“லைட் எரியுதா?”

“எரியுது.”

“இன்னொரு தடவை அமுக்கு.”

“அணைஞ்சிருச்சு.”

அந்தப் பொட்டு விளக்கை விசைப்பலகை தானாக ஏற்றுவதில்லை. விசை அமுங்கிய செய்தி இயங்குதளத்துக்குப் போய், அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்தால்தான் எரியும். திரை சிலையாக நிற்கும்போதும் விளக்கு மாறுகிறதென்றால், உள்ளே நாடி ஓடுகிறது என்று பொருள். விளக்கும் அசையவில்லையா? அப்போது சந்தேகம் ரேம், டிரைவர், மதர்போர்டு என்று இன்னும் ஆழத்துக்குப் போகும். நாடி இருக்கும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது அவசரப்பட்ட வேலை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி-யையும் சேர்த்து அமுக்கினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். கோளாறு அங்கே என்றால் திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு உயிர் பெறும்.

உறைந்துபோன மடிக்கணினிக்குள் பெரும்பாலும் எதுவும் உறைந்திருப்பதில்லை. ஏதோ ஒன்று இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எது எதற்காக என்று தெரிந்தால் பழுது முக்கால்வாசி பிடிபட்ட மாதிரி.

இதைக் கணினியே சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கும் தெரியாது. ஒரு நிரல் என்றாவது முடியுமா, முடிவில்லாமல் சுற்றுமா என்பதை எல்லா நிரல்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிடும் வழிமுறை கிடையாது என்று 1936-லேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார். ஆகவே விண்டோஸ் குத்துமதிப்பாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது: தனக்கு வந்த செய்திகளை ஒரு ஜன்னல் 5 விநாடி எடுத்துப் பார்க்காவிட்டால் ‘நாட் ரெஸ்பாண்டிங்’. பெரிய எக்செல் கோப்பைக் கூட்டிக்கொண்டிருக்கும் நிரலுக்கும் இதே பட்டம்தான் கிடைக்கும், பாவம்.

காத்திருப்பில் மிகச் சாதாரணமானது ரேம் பற்றாக்குறை. சமையல் மேடை சிறியது, பாத்திரங்கள் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பரணில் ஏற்றி, இன்னொன்றை இறக்கி, மறுபடி முதலாவதைத் தேடி ஏணி ஏறி... கடைசியில் ஏணி ஏறுவதே வேலையாகி, அடுப்பில் ஒன்றும் வேகாது. ரேம் போதாதபோது இயங்குதளம் வட்டைப் பரணாக்கிக்கொள்கிறது. இந்த உத்தியை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி 1962-லேயே கையாண்டது. ஏணியிலேயே பொழுது போகும் அந்த நிலைக்கு ‘த்ராஷிங்’ என்று பெயர். அதன் காரணங்களை அலசிப் பீட்டர் டென்னிங் 1968-இல் கட்டுரை எழுதினார். ரேமிலிருந்து ஒரு துணுக்கை எடுக்க விநாடியில் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நூறில் ஒரு பங்கு. முன்னதை ஒரு விநாடி என்று வைத்தால் பின்னது ஒரு நாளையும் தாண்டிவிடும்!

சூட்டின் மேல் தேவைக்கு மீறிப் பழி விழுகிறது என்பது என் எண்ணம். மெத்தையில் வைத்துக் காற்றுத் துளையை அடைத்தால், 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி தவழும், மின்விசிறி இரையும், மிஞ்சினால் அணைந்துவிடும். அப்படியே நின்றுபோனதென்றால் வேறு இடத்தில் தேடுவதே மேல்.

அக்கா மகளிடம், அடுத்தமுறை டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு வேலை செய் என்றேன். மறுநாள் ஒரு படம் அனுப்பினாள். பிராசஸர் 3 சதவீதம், ரேம் பாதி, டிஸ்க் மட்டும் 100. அந்த நூறின் அடியில், படித்த அளவு: பூஜ்யம். முழு மூச்சாய் உழைக்கிறது, ஒரு எழுத்தும் நகரவில்லை.

வட்டில் கெட்டுப்போன இடத்தைப் படிக்க நேர்ந்தால் ஹார்ட் டிஸ்க் உடனே கைவிரிக்காது. திரும்பத் திரும்ப முயலும். பல விநாடிகள் அதிலேயே போகும். அதுவரை அதை நம்பியிருக்கும் எல்லாம் வரிசையில் நிற்கும். வட்டின் உடல்நிலைக் குறிப்பேடான ஸ்மார்ட் பட்டியலில் 197-ஆம் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். படிக்க முடியாமல் தள்ளிவைத்த இடங்களின் எண்ணிக்கை அது. பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லை.

இதற்கு முன் ஒரு கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்து கொடுத்திருந்தார்கள். இரண்டு முறையும் சில வாரம் ஒழுங்காக ஓடியதாம். ஓடத்தான் செய்யும். விரைவு ஃபார்மட் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது, வட்டைச் சோதிப்பதில்லை. கோப்புகள் வேறு இடத்தில் போய் உட்காரும். வட்டு நிறைய நிறையப் பழைய புண்ணில் மறுபடி கை படும்.

முதலில் கோப்புகளை வெளியே எடுத்தோம், பிறகுதான் எஸ்.எஸ்.டி. வாங்கினோம். இந்த வரிசை மாறக் கூடாது. சாகிற வட்டில் ஒவ்வொரு சோதனையும் அதன் ஆயுளைத் தின்னும். நகலெடுக்க ஓர் இரவு முழுக்கப் பிடித்தது. ஒரே ஒரு வீடியோ மட்டும் வரவில்லை. அதில் என்ன இருந்தது என்று அவளுக்கும் நினைவில்லை.