அச்சச் சுவையும் சிறுகதையும்

துன்பத்தை எவரும் விலைகொடுத்து வாங்குவதில்லை. ஆயினும் பேய்க்கதை நூலொன்றைக் காசு கொடுத்து வாங்கி, விளக்கருகே அமர்ந்து, மயிர் சிலிர்ப்பப் படித்து, முடிந்ததும் 'இன்னும் ஒன்று உளதோ?' என்று தாள்களைப் புரட்டுவோர் நம்மிற் பலர். வாழ்க்கையில் வெறுக்கப்படும் அச்சம் கதையில் விரும்பப்படுவது எற்றுக்கு? இவ்வினாவையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அச்சத்தை அவற்றுள் ஒன்றாக வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினின்று அது பிறக்கும் என்பது அவர் கொள்கை. உரையாசிரியராகிய இளம்பூரணர் இவ்வியலை விளக்கப் புகுந்தபோது, பேயையும் புலியையுமே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அஞ்சப்படும் பொருள் வேறு, உள்ளத்தே நிலைக்கும் அச்சம் வேறு, உடலிலே தோன்றும் நடுக்கமும் வியர்வையும் வேறு எனப் பகுத்தும் காட்டினார். இப்பகுப்பே நம் வினாவிற்கு விடையாகின்றது. கதை படிப்போன் எதிரே புலியில்லை, பேயில்லை. நெஞ்சின் துடிப்பு மட்டும் உண்டு. ஊறு செய்யும் பொருளின்றிச் சுவை மட்டும் கிட்டுதலின் அவன் மகிழ்கின்றான். ஊறு நம்மை நெருங்காது அகன்று நிற்குமாயின் அச்சமும் இன்பமாகும் என்று எட்மண்டு பர்க் என்னும் அறிஞரும் 1757-ஆம் ஆண்டில் எழுதினார்.

அங்ஙனமாயின் அச்சக்கதை சிறிதாயிருத்தல் ஏன்? ஒரே அமர்விற் படித்து முடிக்கத்தக்க கதையே உள்ளத்தில் ஒருமித்த உணர்ச்சியை விளைக்கும் என்று அமெரிக்க ஆசிரியர் எட்கார் ஆலன் போ 1842-இல் கூறினார். நெடுங்கதையை இடையே மூடிவைத்து உணவுண்ணச் செல்வோன் அச்சத்தையும் உடன் மூடிவைக்கின்றான். அன்றியும், நெடிது நோக்கிய பேய் பழகிய பேயாகிவிடும். காணாத பேயே அஞ்சத்தக்கது. ஜேக்கப்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1902-இல் வெளியிட்ட 'குரங்கின் கை' என்னும் கதையில், இறந்த மகனே வந்து கதவைத் தட்டுவதாகப் பெற்றோர் கருதுகின்றனர். கதவு திறந்தபோது தெருவில் ஒருவரும் இல்லை. தட்டியது யாரென ஆசிரியர் ஈறுவரை காட்டவேயில்லை.

இதனினும் சிறியதொரு கதை, ஓசூருக்கு அணித்தாகிய பெங்களூரிலும் கருநாடகச் சிற்றூர்களிலும் 1990-களில் உலவியது. பெண்பேய் ஒன்று இரவில் தெரிந்தவர் குரலால் அழைக்குமென்றும், கதவைத் திறந்தோர் மாள்வரென்றும் அஞ்சிய மக்கள், தம் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதிவைத்தனர். கன்னடத்தில் அதற்கு 'நாளை வா' என்பது பொருள். பேய் அதனைப் படித்துத் திரும்பும். மறுநாளும் வந்து அதனையே படிக்கும். இரண்டே சொற்களில் அச்சமும் அதற்கு மருந்தும் அடங்கிவிட்டன! தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் ஓசூர்ப் பகுதியில் இக்கதைக்கு மொழிபெயர்ப்பும் வேண்டுவதில்லை.

தமிழில் இக்கலைக்குச் சிறந்த சான்று, புதுமைப்பித்தன் 1943-இல் வெளியிட்ட 'காஞ்சனை'. கதை நிகழுமிடம் பாழ்மண்டபமன்று. எழுத்தாளன் ஒருவன் குடும்பம் நடத்தும் வீடு. வாயிலிற் பிச்சைக்கு வந்த பெண்ணை அவன் மனைவி வேலைக்கு அமர்த்திக்கொள்கின்றாள். அதன்பின் பழகிய வீடே அயலாகின்றது. நிகழ்ந்தது மெய்யோ மனமயக்கமோ என ஆசிரியர் தீர்ப்புக் கூறார். அவர் கூறாது விட்ட இடத்தை நம் நெஞ்சு நிரப்பிக்கொள்கின்றது.

அணங்கு நிற்க, விலங்கிற்கு வருவோம். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிக்கு அண்மையிலுள்ள கும்மளாபுரத்தில் மக்களைக் கொன்று திரிந்த சிறுத்தையைப் பற்றி, பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் எழுதிய வரலாறு 1954-இல் வெளிவந்த நூலொன்றில் உளது. பொழுது சாய்ந்ததும் ஊரார் கதவடைத்து ஒடுங்கியதும், இருளிற் காத்திருந்த வேட்டைக்காரரிடம் வந்து ஒண்டிய ஊர்நாய் உறுமி எச்சரித்ததும் நம்மை நடுங்கச் செய்கின்றன. ஆனால் நாம் நூலை மூடினால் சிறுத்தை மறையும்; கும்மளாபுரத்தார்க்கு மூடுதற்கு நூலில்லை. இன்றும் கேழ்வரகு விளையும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டினின்று யானைக் கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களுக்கு வருகின்றன. வயற்காவலில் விழித்திருக்கும் உழவரும், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் காட்டோரச் சாலையில் வீடு திரும்பும் தொழிலாளரும் அச்சத்தைச் சுவைப்பதில்லை, சுமக்கின்றனர்.

மூன்றாவது கள்வர். 2018-ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி கைபேசி வழியே பரவியது. சில வரிகள், அறியாத முகம், கூறப்படாத முடிவு என்னும் அளவில் அதுவும் ஓர் அச்சச் சிறுகதையே. அவ்வாண்டு மே மாதத்தில், கிருஷ்ணகிரியை அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த முதிய பெண்மணி ஒருவரை அப்பொய்யை நம்பிய கூட்டம் அடித்துக் கொன்றது. அதே மாதத்தில் பெங்களூரிலும் ஓர் இளைஞர் இவ்வாறே உயிரிழந்தார்.

பேய்க்கதை மூடநம்பிக்கையை வளர்க்குமென்று கடிவோர் உளர். அன்னார் ஒரு வேறுபாட்டை எண்ணுதல் வேண்டும். கதை, தான் கதையே என்பதை முன்னரே சொல்லிக்கொண்டு வருகின்றது. தலைப்பும் முடிவும் அச்சத்திற்கு அது இடும் வேலிகள். வதந்தியோ அவ்வேலியை அறுத்துக்கொண்டு வருகின்றது. தன் நெஞ்சில் அச்சம் எங்ஙனம் எழுகின்றது, எங்ஙனம் அறிவின் கண்ணை மறைக்கின்றது என்பதைக் கதையிற் கண்டுணர்ந்தவன், வதந்தி வரும்போதும் அதே நடுக்கத்தை இனங்கண்டு, கையோங்குமுன் ஒருகணம் தாழ்த்து நிற்கக் கூடும். அத்துணைப் பயன் விளையுமாயின் அக்கதை வீண்பொழுதுபோக்கு ஆகாது என்பது எம் துணிபு.

மாணவ நண்பர்காள்! அச்சக்கதைகளைப் படிப்போம், மனமார அஞ்சுவோம். நூலை மூடிய பின்னர், உண்மையாகவே அஞ்சி வெளியே நிற்பார் எவரேனும் உளரோ என்று கதவைத் திறந்து பார்ப்போமாக.