கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்கள்



சென்னை மெரினாக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பெற்றது. அக்காட்சியகத்திற்குக் கடல் அருகிலேயே இருந்தது. இன்றோ, கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள எங்கள் கெங்கவல்லி போன்ற ஊரிலும், கடைகளில் கிடைக்கும் கடலுப்புக் கலவையைத் தூய நீரில் கரைத்துப் பவளப்பாறை மீன்களை வளர்க்க இயலும். இயலும் என்பதனால் எளிது என்று கருதலாகாது. எவ்வளவு பெரிய தொட்டி, எந்தெந்த மீன்கள் என்னும் இரு வினாக்களுக்கும் முன்னதாகவே விடை காணல் வேண்டும்.

முதலில் தொட்டியைக் காண்போம். சிறிய தொட்டியே எளிது எனப் பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. பெருங்கடலில் அது பரந்து மறையும். சிறு தொட்டியில் விரைவிலேயே உயிரைக் குடிக்கும். கோடையில் சிறிதளவு நீர் விரைந்து சூடேறும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்குவதால், உவர்ப்பும் விரைந்து மிகும். ஆவியான அளவிற்கு நன்னீரையே ஊற்றவேண்டும், உப்புநீரை ஊற்றலாகாது.

மூன்றடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் உடைய தொட்டி நல்ல தொடக்கமாகும். அதன் கொள்ளளவு 6.75 கன அடி. அதாவது, ஏறத்தாழ 190 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஆறரைக் கிலோவிற்குமேல் உப்பு வேண்டும். நீரின் எடை மட்டுமே 195 கிலோ அளவிற்கு வரும். தாங்கும் மேசை எத்துணை உறுதியாக இருக்கவேண்டும் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

நீரை நிரப்பியவுடன் மீனை விடலாகாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அத்துணைத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகவேண்டும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். பொறுமையே இங்கு முதற்பாடம்.

இனி, மீன்கள். ஒவ்வொரு மீனைக் குறித்தும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: முழு வளர்ச்சியில் அதன் நீளம் என்ன? அதன் உணவு யாது? பிற மீன்களோடு அது எவ்வாறு பழகும்?

விரலளவில் விற்கப்படும் நீலநிறச் சர்ஜன் மீன் ஓரடி வரை வளரக்கூடியது. நான் கூறிய தொட்டி அதற்குச் சிறை. சிங்க மீன் தன் வாய்க்குள் அடங்கும் மீன்களை விழுங்கிவிடும். பட்டாம்பூச்சி மீன்களுள் பல பவள உயிர்களையே உண்பவை, பட்டினியால் மடிவன. டாம்சல் மீன்கள் சிறியவையாயினும், தம் இடத்திற்குள் வருவதை விடாது துரத்துவன. கடலில் துரத்தப்பட்ட மீன் ஓடி ஒளியும். தொட்டியில் அது ஓடுவதற்கு இடம் ஏது?

தொடங்குவோர்க்கு ஏற்றது ஒரு கோமாளி மீன் இணை. அவற்றின் வாழ்வும் வியப்பிற்குரியது. அவை அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. அப்பெண் இறந்தால் அதன் துணையாகிய ஆண் பெண்ணாக மாறுகிறது. தொட்டியில் கடற்சாமந்தி இல்லாமலும் அவை நன்கு வாழும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மீன்களை இனப்பெருக்கம் செய்வித்துள்ளனர். இவ்வாறு வளர்ப்பிடங்களில் பிறந்த மீன்களையே கேட்டு வாங்குங்கள். கடலில் பிடிக்கப்பட்டவற்றினும் அவை தொட்டி வாழ்விற்கு இசைந்தவை.

பவளத்தின் செய்தி வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்றன. அவற்றைப் பறிப்பது குற்றமாகும். 2016-ஆம் ஆண்டின் கடல்வெப்பத்தால் அவ்வளைகுடாவின் பவளங்கள் பெருமளவில் வெளிறின. வெப்பத்தால் நலிந்ததை நம் கையும் நலியச் செய்தல் தகுமோ? தொட்டிக்குச் செயற்கைப் பாறைகளே போதும்.

மாணவர்களே! தொட்டிக்கேற்ற மீனைத் தேர்ந்து, குறைவாக வைத்து, நீண்ட நாள் காத்து வாருங்கள். அழகை விரும்புவோர் அதன் உயிர்க்கும் பொறுப்பேற்றல் கடமையாகும்.