அக்டோபரில் விழுந்த பனி

2021 பிப்ரவரி 1ஆம் தேதி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சில்வர்டன் என்ற மலையூருக்கு அருகே பனிச்சரிவில் சிக்கி மூன்று பேர் இறந்தார்கள். காவலும் கயிற்று வண்டியும் இல்லாத காட்டு மலையில் ஸ்கீ கட்டிக்கொண்டு போனவர்கள். ஐந்து நாள் கழித்து யூட்டா மாநிலத்தின் மில் கிரீக் பள்ளத்தாக்கில் நான்கு பேர். அந்தப் பருவம் முடிவதற்குள் நாடு முழுக்க 37 பேர் போய்விட்டார்கள். அவ்வளவு பனி கொட்டியதா என்றால், இல்லை. குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவு. வினையே அதுதான்.

காற்று மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கினாலும் பனிக்கு அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரியிலேயே இருக்கும். மூன்று மீட்டர் பனி கிடந்தால் இந்த வித்தியாசம் அவ்வளவு தடிமனுக்கும் பரவிக்கொள்ளும். துகள்கள் மெல்ல உருண்டை வடிவாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்படும். வெறும் 40 சென்டிமீட்டர் என்றால் 20 டிகிரியும் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் போனாலே பனியின் குணம் மாறத் தொடங்கிவிடும். அடியிலிருந்து நீராவி கிளம்பி, மேலேயுள்ள குளிர்ந்த துகள்களில் உறைகிறது. வாரக்கணக்கில் இது நடந்தால் பட்டையும் முனையுமான பெரிய படிகங்கள் வளர்கின்றன. கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் உதிரும். உருண்டை பிடிக்க முடியாது.

2020 அக்டோபரில் கொலராடோவில் விழுந்த பனி, பிறகு வந்த வறண்ட வாரங்களில் இப்படித்தான் கெட்டுப்போனது. பின்னால் வந்த புயல்கள் அதன்மேல் புதுப்பனியை ஏற்றின. காற்று இறுக்கிய மேல்பனி பலகையாக நின்றது. கீழே பிடிமானம் இல்லை. ஓர் ஆள் எடை போதும். உள்ளே ஏற்படும் முறிவு நொடியில் சரிவு முழுக்க ஓடி, பலகை மொத்தமாகப் பெயர்ந்துவிடும். சத்தம் போட்டால் பனி சரியும் என்பதெல்லாம் சினிமாக் கதை. உயிர்ப்பலியான விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில் சரிவைக் கிளப்பியது சிக்கியவரேதான், இல்லாவிட்டால் கூடப் போனவர்.

விவரம் தெரிந்தவர்கள் இறங்குவதற்கு முன் மண்வெட்டியால் குழி தோண்டிப் பார்ப்பார்கள். குறுக்கே 90 சென்டிமீட்டர், முன்பின்னாக 30 சென்டிமீட்டர் இருக்கும்படி பனித்தூண் ஒன்றைச் சுற்றிலும் வெட்டித் தனியாக நிற்கவிட்டு, அதன் ஒரு முனையில் மண்வெட்டியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. தட்டும்போது விழும் விரிசல் மறுமுனை வரை ஓடிவிட்டால் மறுபேச்சில்லை, திரும்ப வேண்டியதுதான். ஓடாவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. அந்தக் குழி அந்த இடத்தின் கதையை மட்டும்தான் சொல்லும். பத்து மீட்டர் தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கலாம்.

என்னைக் கேட்டால், இதைவிட உதவுவது சாய்வுமானி. இப்போது கைபேசியிலேயே இருக்கிறது. பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. ஸ்கீக்காரர்களுக்கு மிகவும் பிடித்த சாய்வும் அதுவே. மென்சாய்வில் நின்றால் மட்டும் போதாது, தலைக்கு மேலும் பார்க்க வேண்டும். சமதளத்தில் நடக்கும்போது காலடியில் ‘வும்ஃப்’ என்று பனி அமுங்கி, அந்த முறிவு மேலே ஓடிப்போய் அங்கிருந்து சரிவை இறக்கியதுண்டு.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பெரும்பாலோர் இல்லை. ஹெலிகாப்டர் அதற்குள் வராது; கூட வந்தவர் கையில் சமிக்ஞைக் கருவியும் துழாவுகோலும் மண்வெட்டியும் இருந்தாக வேண்டும்.

இந்தச் சீனிப் பனி சில நாளில் சரியாகிவிடுவதும் இல்லை. வசந்தம் வரைகூடக் கிடக்கும். மேலே பனி ஏற ஏற அதைக் கிளப்புவது கடினமாகும். ஆனால் கிளம்பினால் பெயரும் பலகையும் அத்தனை தடிமனாக இருக்கும். பாறைகளை ஒட்டி மேல்பனி மெலிந்த இடத்தில் ஒருவர் கால் வைத்தால் போதும். முன்னே நான்கு பேர் பத்திரமாக இறங்கிய தடம் இருந்தும், ஐந்தாமவரோடு அது சரிவது இதனால்தான்.