ஷிஃப்ட் முதல் எஸ்கேப் வரை... கீபோர்டின் ஓரத்து பட்டன்கள் என்ன வேலை செய்கின்றன?

போனில் இரண்டு கட்டைவிரலால் மின்னல் வேகத்தில் டைப் செய்யும் பிள்ளைகள்கூட, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். எழுத்துகள் பழக்கமானவைதான். ஓரத்து பட்டன்கள்தான் புதிது. படிப்பை முடித்துத் தூத்துக்குடியில் ஷிப்பிங், கிளியரிங் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இவற்றைத்தான்.

ஏன் தெரியுமா? வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஓர் எண் உண்டு. உலகம் முழுக்க ஒரே முறைதான்: முதலில் 4 ஆங்கிலப் பெரிய எழுத்துகள், பிறகு 7 இலக்கங்கள். இதில் ஒன்று மாறினாலும் காகிதத்தில் ஒரு பெட்டி, கேட்டில் வேறு பெட்டி என்றாகிவிடும். உள்ளே இறால் இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கவலைதான்.

ஷிஃப்ட், கேப்ஸ் லாக்

ஷிஃப்ட் என்றால் நகர்த்துவது. 1878-ல் வந்த ரெமிங்டன் 2 டைப்ரைட்டரில் இதை அழுத்தினால், காகிதம் தாங்கிய பகுதி நிஜமாகவே நகரும். சின்ன எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து விழும். கேப்ஸ் லாக்கை ஒருமுறை தட்டினால் போதும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அது எழுத்துகளை மட்டுமே மாற்றும், எண்களைத் தொடாது. அணைக்க மறந்தால் அடுத்து அடிக்கும் பாஸ்வேர்டு தப்பாகும், ஜாக்கிரதை!

நம்பர் லாக்

வலது பக்க எண் பட்டன்களுக்கான சுவிட்ச் இது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் எண்களும் அம்புக்குறிகளும் ஒரே பட்டன்களில் இருந்தன. இன்றும் இது அணைந்திருந்தால், 8-ஐ அழுத்தும்போது எண் விழாது. கர்சர் மேலே போகும். கீபோர்டு பழுது என்று நினைக்கும் முன் இதைப் பாருங்கள்.

டேப்

படிவத்தில் அடுத்த கட்டத்துக்குத் தாவ டேப். முந்தைய கட்டத்துக்குத் திரும்ப, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப். மவுஸைத் தொடவே வேண்டாம்.

கன்ட்ரோல்

தனியாக அழுத்தினால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. எஃப் எழுத்தோடு சேர்த்தால், நீண்ட பட்டியலில் ஒரு கன்டெய்னர் எண்ணை நொடியில் தேடலாம். இசட் எழுத்தோடு சேர்த்தால், கடைசியாகச் செய்த மாற்றம் ரத்தாகும். ஆனால், 'சப்மிட்' கொடுத்த படிவத்தை இது திரும்பக் கொண்டுவராது. அதற்கு முன்பே 11-ஐயும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

எஸ்கேப், ஆல்ட், டெலீட்

தெரியாமல் ஏதோ ஒரு மெனு திறந்துகொண்டதா? எஸ்கேப் பெரும்பாலும் மூடிவிடும். 1960-ல் பாப் பெமர் உருவாக்கியது இது. திரை அப்படியே உறைந்துவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் போய் அந்த புரோகிராமை மட்டும் நிறுத்தலாம். கம்ப்யூட்டரை மறுபடி இயக்குவதற்காக ஐ.பி.எம். பொறியாளர் டேவிட் பிராட்லி அமைத்த கூட்டணி இது.

விண்டோஸ் பட்டன்

இதோடு பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தினால் திரை படமாகிப் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரில் சேமிக்கப்படும். சில லேப்டாப்களில் எஃப்.என். பட்டனும் சேர வேண்டும். டீ குடிக்க எழுந்தால் விண்டோஸோடு எல் எழுத்தை அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும். அடுத்தவர் சரக்கின் விவரம் அல்லவா அதில் இருக்கிறது!

வேலைக்குச் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒரு நோட்பேடைத் திறந்து, 4 எழுத்து, 7 எண் என்று பத்து வரி அடித்துப் பாருங்கள்.